தலைக்காயத்துக்கு எடுக்கற ரத்த டெஸ்ட்: எத சொல்லுது, எத சொல்லல (கொஞ்சம் பெரிய ரிவ்யூ)

தலையில அடிபட்டவங்களுக்கு ரத்தம் எடுத்து மூளைக்கு அடி இருக்கா, எவ்வளவு இருக்கு, ஆளு தேறி வருவாரானு பாக்கற டெஸ்ட் பத்தி நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். எமர்ஜென்சில இருந்து வர்ற சாம்பிள் நைட் டியூட்டில என் கை வழியாத்தான் போகும், இந்த டெஸ்ட்ட ஒண்ணரை வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். இதுக்கு நடுவுல எங்க அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, வண்டி சறுக்கி விழுந்து வேற ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல 19 நாள் கெடந்தாரு. அதனால ரிப்போர்ட்ட அடிச்சு அனுப்பற பக்கமும் நின்னிருக்கேன், அந்த ரிப்போர்ட்டுக்காக கதவுக்கு வெளிய நிக்கற பக்கமும் நின்னிருக்கேன். எங்க லேப்ல இருக்கற மெஷின் எந்த கம்பெனினு மட்டும் கேக்காதீங்க, அது ஆஸ்பத்திரி விஷயம்.

மார்க்க முதல்லயே போட்டுடறேன். இந்த ஒரே டெஸ்ட்டுக்கு ரெண்டு மார்க் போட்டாத்தான் நியாயம். லேசா அடிபட்டு, பேசிட்டு, தானா நடந்து வர்ற ஆளுக்கு சிடி ஸ்கேன் வேணுமா வேண்டாமானு முடிவு பண்ண உதவுதா, அதுக்கு 5க்கு 4.5. "இவர் பழையபடி ஆயிடுவாரா"னு வீட்டுக்காரங்க கேக்கற கேள்விக்கு 5க்கு 2. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு கலக்கறதாலதான் வர்ற பிரச்சனை எல்லாம் வருது, அத சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

சரி, டெஸ்ட் என்ன பண்ணுதுனு பாப்போம். மூளைக்குள்ள நரம்பு செல்லுங்க இருக்கு, அதுங்களுக்கு முட்டு குடுத்து, தீனி குடுத்து பாத்துக்கற நட்சத்திர வடிவ செல்லுங்கனு ஒரு கூட்டம் இருக்கு, ஆஸ்ட்ரோசைட்னு பேரு. அந்த ஆஸ்ட்ரோசைட்டுக்குள்ள எலும்புக்கூடு மாதிரி நிக்கற புரதம் ஜிஎஃப்ஏபி. நரம்பு செல்லுக்குள்ளயே நெறைய இருக்கற இன்னொரு புரதம் யூசிஹெச்-எல்1. தலை அடிபட்டு செல்லு உடைஞ்சா இது ரெண்டும் கசிஞ்சு ரத்தத்துல கலக்குது. கலக்கற அளவு எவ்வளவுனு நெனைக்கறீங்க, பிகோகிராம் கணக்கு. ஒரு கிராம லட்சம் கோடி துண்டா போட்டா அதுல ஒரு துண்டுதான் ஒரு பிகோகிராம். ஒரு மில்லி ரத்தத்துல அப்படி இருபது முப்பது துண்டு இருக்கா இல்லையானு மெஷின் கண்டுபிடிக்குது. இத்தன நாள் ஓட்டியும் எனக்கு இது இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு, மண்டை ஓட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கற ஒரு உறுப்பு கை நரம்புல இருந்து எடுத்த ரத்தத்துல வந்து தகவல் சொல்லுதுனா சும்மாவா.

ரெண்டும் ஒரே வேகத்துல ஏறாது, இறங்காது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரெண்டும் தெரிய ஆரம்பிச்சுடும், யூசிஹெச்-எல்1 சுமார் 8 மணி நேரத்துல உச்சிக்கு போயிட்டு சடசடனு இறங்கிடும், ஜிஎஃப்ஏபி மெதுவா ஏறி சுமார் 20 மணி நேரத்துல உச்சிக்கு போயி மூணு நாள் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அதனால நம்பர் மட்டும் தெரிஞ்சா போதாது, அடிபட்டு எத்தன மணி நேரம் கழிச்சு எடுத்த நம்பர்னு தெரியணும். இது தெரியாம வர்ற சாம்பிள்ல என்ன நம்பர் வந்தாலும் அத படிக்கறது கஷ்டம்.

கடைக்கு வந்த கதைய சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு எஃப்டிஏ, அது முதல் தடவையா இப்படி ஒரு ரத்த டெஸ்ட்டுக்கு ஓகே சொன்னது 2018 பிப்ரவரில, பன்யான் பயோமார்க்கர்ஸ்ங்கற கம்பெனியோட டெஸ்ட். ஆனா அது லேப்லதான் ஓட்ட முடியும், நேரம் ஆகும். 2021ல அபாட் கம்பெனியோட கையடக்க மெஷின் ஐ-ஸ்டாட்ல ஓடற டெஸ்ட் வந்துச்சு, 15 நிமிஷத்துல ரிசல்ட், ஆனா ரத்தத்த சுத்தவிட்டு பிளாஸ்மா பிரிச்சு எடுத்துதான் போடணும். 2024 ஏப்ரல்ல பிரிக்காம முழு ரத்தத்தையே போடற கார்ட்ரிட்ஜுக்கு (மெஷின்ல சொருகற சின்ன டப்பா) ஓகே கிடைச்சது, பெட் பக்கத்துலயே வச்சு பாத்துடலாம், அடிபட்டு 24 மணி நேரம் வரைக்கும் எடுக்கலாம். அதே வருஷம் பயோமெரியூ கம்பெனியோட விடாஸ் மெஷின்ல ஓடற டெஸ்ட்டும் வந்துச்சு. எல்லாமே அதே ரெண்டு புரதத்தத்தான் அளக்குது.

பிளாஸ்மா பிரிக்கறதுக்கும் முழு ரத்தத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு வெளிய இருக்கறவங்களுக்கு தோணும். நைட் ரெண்டு மணிக்கு ஊதா மூடி டியூப் கைக்கு வருது, பார்கோடு பாக்கணும், சென்ட்ரிஃபியூஜ்ல எதிர்ப்பக்கம் அதே எடைக்கு இன்னொரு டியூப் வச்சு சுத்தவிடணும், நின்னதும் மேல வைக்கோல் கலர்ல நிக்கற தண்ணிய மட்டும் கீழ இருக்கற செவப்பு கலங்காம உறிஞ்சி எடுக்கணும். அந்த நேரத்துல ஃபோன் அடிச்சுட்டே இருக்கும், "லேப், அந்த ஹெட் இஞ்சுரி ரிசல்ட் என்னாச்சு"னு. 15 நிமிஷ டெஸ்ட்டுனு பேரு, ஆனா டியூப் வந்ததுல இருந்து ரிப்போர்ட் போறதுக்குள்ள முக்கால் மணி நேரம் ஓடிடும். முழு ரத்தத்துல போடறதுனா பையில இருந்து கார்ட்ரிட்ஜ எடுத்து ஓரத்த பிடிச்சு, குறி வரைக்கும் ரத்தம் விட்டு, மூடிய அழுத்தி, மெஷின்ல சொருகிட்டா முடிஞ்சுது. குறிக்கு மேல ஒரு சொட்டு போனாலும் கீழ ஒரு சொட்டு கம்மியானாலும் ரிசல்ட் வராது, அது கைப்பழக்கம், மொத வாரம் நான் ரெண்டு மூணு வீணாக்கினேன், அப்புறம் கை பழகிடுச்சு.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும், ஒரு மெஷின் நம்பர இன்னொரு மெஷின் நம்பரோட ஒப்பிடாதீங்க. ஜிஎஃப்ஏபிக்கு முதல்ல வந்த டெஸ்ட்ல எல்லைக்கோடு, அதாவது அத தொட்டா பாசிட்டிவ்ங்கற அளவு, மில்லிக்கு 22 பிகோகிராம், பிளாஸ்மா போடற கையடக்க மெஷின்ல 30, முழு ரத்தத்துல 65. ஒரே ஆளு, ஒரே ரத்தம், ஆனா எல்லைக்கோடு வேற வேற. ரெண்டு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சு "ஏறிடுச்சே"னு பயந்து போயி ஒருத்தர் எங்க கவுண்டர்ல நின்னாரு, ஏறவே இல்ல, மெஷின்தான் மாறியிருந்துச்சு.

இப்ப மொத மார்க், 4.5 ஏன்? 2018ல வெளிவந்த பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, அலர்ட்-டிபிஐனு பேரு, அதோட கணக்க ஒரு தடவ பொறுமையா படிங்க, டெஸ்ட்டோட மொத்த குணமும் அதுல இருக்கு. 1959 பேருக்கு ரத்தமும் எடுத்தாங்க, சிடியும் எடுத்தாங்க. சிடில மண்டைக்குள்ள ஏதாவது காயம் தெரிஞ்சது 125 பேருக்கு. அதுல 122 பேர ரத்த டெஸ்ட் பிடிச்சுடுச்சு, 3 பேர விட்டுடுச்சு. ஆபரேஷன் தேவைப்படற அளவு காயம் இருந்தவங்க 8 பேர், அந்த 8 பேருமே பாசிட்டிவ், ஒருத்தர கூட விடல. நெகட்டிவ் வந்தவங்க மொத்தம் 671 பேர், அதுல 668 பேருக்கு சிடியும் சுத்தமா இருந்துச்சு. அதாவது "இல்ல"னு சொன்னா அந்த வார்த்தைய நம்பலாம். மூணுல ஒரு ஆளுக்கு ஸ்கேன் ரூம் பக்கமே போக வேண்டிய அவசியம் இல்ல, கதிர்வீச்சு இல்ல, ஸ்ட்ரெச்சர்ல வரிசையில படுத்துட்டு இருக்க வேண்டாம், உண்மையிலயே அவசரமா ஸ்கேன் தேவைப்படறவங்களுக்கு அந்த எடம் கிடைக்கும். நைட்டு ஒரே ஸ்கேன் மெஷின வச்சுட்டு ஓட்டற எமர்ஜென்சில வேலை பாத்தவங்களுக்கு இதோட அருமை புரியும்.

ஆனா அதே கணக்கோட மறுபக்கத்தையும் பாருங்க. பாசிட்டிவ் வந்தவங்க 1288 பேர், அதுல சிடில காயம் தெரிஞ்சது வெறும் 122 பேருக்கு. பத்துல ஒண்ணு கூட முழுசா வரல. அதனால ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு பாத்ததும் "ஐயோ மூளையில ரத்தம் கட்டிடுச்சு"னு யாரும் அழ வேண்டியதில்ல. அந்த பாசிட்டிவுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான், ஸ்கேன் எடுத்து பாத்துடுங்க. வயசானவங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா வயசு ஏற ஏற ஜிஎஃப்ஏபி தானாவே கொஞ்சம் மேல போகும், அடியே படாம இருந்தாலும். ஒரு பாட்டிம்மா படியில தடுக்கி விழுந்து வந்தாங்க, நெத்தியில சின்ன காயம், பாசிட்டிவ் வந்துச்சு, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. பேரன் லேப் வரைக்கும் வந்துட்டான், "அண்ணா அப்ப உங்க டெஸ்ட் தப்பா?"னு. தப்பில்லப்பா, இந்த டெஸ்ட்ட யாரையும் விட்டுடக் கூடாதுங்கற கணக்குலதான் கட்டியிருக்காங்க, அதனால சும்மா இருக்கறவங்களையும் சேத்து பிடிக்கும்னு சொன்னேன், அவன் பாட்டிய பாத்து சிரிச்சுட்டு போனான்.

அந்த பாசிட்டிவ் எல்லாமே வெறும் சத்தமும் இல்ல, இத நெறைய பேர் சொல்றதில்ல. அமெரிக்காவுல டிராக்-டிபிஐனு பெரிய ஆராய்ச்சி நடக்குது, அதுல சிடி நார்மல்னு வந்த 450 பேருக்கு சுமார் ரெண்டு வாரம் கழிச்சு எம்ஆர்ஐ எடுத்து பாத்தப்ப 120 பேருக்கு காயம் தெரிஞ்சுது. அவங்களுக்கு ஜிஎஃப்ஏபி மத்தவங்கள விட கூடுதலா இருந்துச்சு. சிடி கண்ணுக்கு தெரியாத காயத்த ரத்தம் சொல்லியிருக்கு. அதனால சிடி நார்மல், ரத்தம் பாசிட்டிவ், ஆளுக்கும் தலைவலி தலைசுத்தல் விடவே இல்லனா அத அப்படியே விட்டுடாம டாக்டர்ட்ட எம்ஆர்ஐ பத்தி ஒரு வார்த்த கேளுங்க.

இதே வேலைக்கு முன்னாடியே வந்த பழைய ஆளு, எஸ்100பிங்கற புரதம், அத பத்தி சொல்லாம போனா நியாயமில்ல. ஸ்கேண்டிநேவிய நாடுகள்ல 2013லயே அத வழிகாட்டுதல்ல சேத்துட்டாங்க, அடிபட்டு 6 மணி நேரத்துக்குள்ள எடுத்து லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா ஸ்கேன் இல்லாம வீட்டுக்கு அனுப்பலாம்னு. மலிவான, நல்லா பழகின டெஸ்ட். ஆனா அது கொழுப்புல இருந்தும் வரும், எலும்பு முறிஞ்சாலும் ஏறும், தோலுக்கு கருப்பு நெறம் குடுக்கற செல்லுல இருந்தும் வரும், அதனால கருப்பா இருக்கறவங்களுக்கு அளவு கூடுதலா காட்டும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? என்எஸ்ஈனு இன்னொண்ணு இருக்கு, அது செவப்பணுலயும் இருக்கறதால ரத்தம் எடுக்கறப்ப ஊசியில கொஞ்சம் செல்லு உடைஞ்சாலே நம்பர் ஏறிடும், பிளாஸ்மா லேசா ரோஸ் கலர்ல வந்தாலே நான் அத தள்ளி வச்சுட்டு வேற சாம்பிள் கேப்பேன்.

இப்ப ஒரு வருத்தத்த சொல்லணும். சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, காலேஜ் போறவ, தலையில அடிபட்டு ஒரு எடத்துல காட்டினாங்க, எந்த எடம்னு சொல்ல விரும்பல. ரத்த டெஸ்ட் நெகட்டிவ். "மூளைக்கு ஒண்ணும் இல்ல, நாளைக்கே காலேஜ் போலாம்"னு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் அந்த பொண்ணுக்கு வெளிச்சம் பாத்தா தலைவலி, ஒரு பக்கம் படிச்சா முதல் வரி மறந்துடுது, வீட்ல எல்லாரும் "டெஸ்ட்ல ஒண்ணுமில்லனு வந்துடுச்சே, ஏன் நடிக்கற"னு கேட்டிருக்காங்க. நடிக்கல. அது கன்கஷன். மூளை குலுங்கி அதோட வேலை கொஞ்ச நாள் தடுமாறுது, ஸ்கேன்லயும் தெரியாது, இந்த டெஸ்ட்லயும் நெகட்டிவா வரலாம். இந்த டெஸ்ட்டுக்கு அனுமதி குடுத்ததே சிடில தெரியற காயம் இருக்கறதுக்கு வாய்ப்பு இருக்கானு பாக்கத்தான், கன்கஷன் இருக்கா இல்லையானு சொல்ல இதுக்கு அனுமதியே கிடையாது. அந்த பொண்ணு ஃபோன்ல எங்கிட்ட அழுதுட்டே "மாமா எனக்கு நெஜமாவே தலை வலிக்குது"னு சொன்னப்ப எனக்கு வந்த கோவம் டெஸ்ட் மேல இல்ல, அத ஒரு வரில தப்பா சொல்லி அனுப்பினவங்க மேலதான். நெகட்டிவ்னாலும் வீட்டுக்கு போனப்புறம் திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கம் ஜாஸ்தியாகி எழுப்பினா எந்திரிக்காம இருக்கறது, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் தொவண்டு போறது, இதுல எது வந்தாலும் உடனே திரும்ப கூட்டிட்டு ஓடணும்னு சொல்லித்தான் அனுப்பணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்களா இருந்தா கட்டாயம் டாக்டர்ட்ட முதல்லயே சொல்லிடுங்க, அவங்களுக்கு கணக்கே வேற. 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு நான் மேல சொன்ன எஃப்டிஏ அனுமதி பொருந்தாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

ரெண்டாவது மார்க்குக்கு வரேன், இத எழுதறது எனக்கு சுலபமா இல்ல.

மாமாவ கொண்டு போனப்ப ஜிசிஎஸ் 6. ஜிசிஎஸ்னா கண்ணு தெறக்கறது, பேசறது, கை கால் அசைக்கறது மூணையும் சேத்து போடற மார்க், 1974ல கிளாஸ்கோவுல டீஸ்டேல், ஜெனெட்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது, 3 கடைசி, 15 முழுசு. 8ம் அதுக்கு கீழயும் இருந்தா ரொம்ப மோசம். அந்த ஆஸ்பத்திரில சிகிச்சையோட சேத்து இந்த ரத்த டெஸ்ட்டையும் எடுத்தாங்க. அக்கா எங்கிட்ட வந்து "ரத்தத்துல பாத்தா தெரிஞ்சிடுமாமே, நீ அந்த வேலைதானடா பாக்கற, என்னனு சொல்லுடா"னு பேப்பர நீட்டினா. யூசிஹெச்-எல்1 ஆயிரக்கணக்குல இருந்துச்சு. ஜிஎஃப்ஏபி வரில நம்பருக்கு முன்னாடி ஒரு குறி, "இதுக்கு மேல"ங்கற குறி. மெஷின் அளக்க முடிஞ்ச உச்சத்தையும் தாண்டிடுச்சுனு அர்த்தம். அந்த குறிய நான் எத்தனையோ ரிப்போர்ட்ல பாத்து சரிபாத்து அனுப்பியிருக்கேன், ஒரு நாளும் கை நின்னதில்ல. அன்னிக்கு பேப்பர மடிச்சு அக்கா கைலயே குடுத்துட்டு "டாக்டர்ட்ட கேக்கலாம்க்கா"னு மட்டும் சொன்னேன்.

அந்த குறி பொய் சொல்லுதானு கேட்டா, இல்ல. டிராக்-டிபிஐ ஆராய்ச்சில 1696 பேர அடிபட்ட அன்னிக்கு ரத்தம் எடுத்து 6 மாசம் கழிச்சு எப்படி இருக்காங்கனு பாத்து 2022ல வெளியிட்டாங்க. இறந்து போன ஒருத்தரையும் பொழைச்ச ஒருத்தரையும் கண்ண மூடிட்டு எடுத்தா, நூறு தடவைல 87 தடவ இறந்தவருக்குத்தான் ஜிஎஃப்ஏபி கூட இருந்திருக்கும், யூசிஹெச்-எல்1ல 89 தடவ. இறப்பும், அடுத்தவங்க உதவி இல்லாம இருக்க முடியாத நெலமையும் ரெண்டையும் சேத்து பாத்தா நூத்துக்கு 86. ரத்தத்துல பாத்து சொல்றதுக்கு இது ரொம்ப பெரிய விஷயம், ஏற்கனவே டாக்டர்ங்க வயசு, கை கால் அசைவு, கண்ணுமணி எல்லாம் வச்சு போடற கணக்கோட இத சேத்தா மோசமா அடிபட்டவங்க விஷயத்துல கணிப்பு இன்னும் நல்லா வருதுன்னும் அதே ஆய்வுல பாத்தாங்க.

ஆனா முழுசா பழையபடி ஆயிடுவாரா, ஏதாவது கொறை தங்குமாங்கற கேள்விக்கு அதே ரெண்டு புரதமும் எவ்வளவு வாங்குச்சு தெரியுமா, நூத்துக்கு 62, 61. பூவா தலையா போட்டாலே 50. அதுக்கு மேல பன்னெண்டு. ஐசியூ வாசல்ல நிக்கறவங்க கேக்கறது அந்த கேள்வியத்தான். எங்கள அடையாளம் தெரியுமா, வேலைக்கு போவாரா, பிள்ளைங்க கூட முன்ன மாதிரி பேசுவாரா. அதுக்குத்தான் நான் 5க்கு 2 போட்டேன், அந்த ரெண்டு மார்க்கும் உயிர் கணக்கு சொல்றதுக்காகத்தான்.

நூத்துக்கு 87னா மீதி 13 இருக்குல்ல, அதுவும் முக்கியம். மாமாவ பாத்த டாக்டர் அந்த ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு அக்காட்ட சொன்னத நான் மறக்க மாட்டேன். "இங்க பாரும்மா, நம்பர் அதிகம்தான், அத நான் மறைக்கல. ஆனா வயசு 41தான், ரெண்டு கண்ணுமணியும் வெளிச்சத்துக்கு சுருங்குது, கிள்ளினா கைய இழுத்துக்கறாரு. இது எல்லாத்தையும் சேத்துத்தான் நான் பாப்பேன். இந்த பேப்பர வச்சு நான் எந்த சிகிச்சையையும் நிறுத்த மாட்டேன்." இந்த டெஸ்ட்ட எப்படி பயன்படுத்தணும்னு யாராவது கேட்டா நான் இதத்தான் காட்டுவேன். ஒரு நம்பர காட்டி "இனி பிரயோஜனமில்ல"னு யாராவது சொன்னா, வயசு, கண்ணுமணி, கை கால் அசைவு, ஸ்கேன் எல்லாம் என்ன சொல்லுதுனு திருப்பி கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

மாமா இப்ப எப்படி இருக்காருனு கேப்பீங்க. ஒம்பது மாசம் ஆச்சு. நடக்கறாரு, தானா குளிக்கறாரு, எல்லாரையும் அடையாளம் தெரியுது, பழைய ஞாபகம் எல்லாம் துல்லியமா இருக்கு. ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா தலைய பிடிச்சுட்டு எந்திரிச்சு போயிடறாரு, ஒரு ஃபார்ம் நிரப்ப உக்காந்தா பாதில எதுக்கு உக்காந்தோம்னு மறந்துடறாரு, முன்ன கோவமே படாத மனுஷன், இப்ப சின்னதுக்கெல்லாம் கத்திட்டு அப்புறம் அக்காட்ட வந்து மன்னிப்பு கேக்கறாரு. "இதுக்கு மேல"ங்கற அந்த குறில இதுல ஒண்ணாவது இருந்துச்சா? அவர் பொழைச்சு வருவாருன்னும் இல்ல, பொழைச்சு இப்படி வருவாருன்னும் இல்ல.

இதுக்கு பதில் தேடறவங்க இப்ப வேற ஒரு புரதத்த பாத்துட்டு இருக்காங்க, என்எஃப்எல்னு, நியூரோஃபிலமென்ட் லைட். நரம்பு செல்லுல இருந்து நீளமா ஓடற வால் மாதிரி இழைங்க இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கற நார். தலை வேகமா திருகும்போது அந்த இழைங்கதான் இழுபட்டு அறுந்து போகும், சிடில அது பெரும்பாலும் தெரியாது, ஆனா கவனம், ஞாபகம், பொறுமை எல்லாம் போறது அதனாலதான். என்எஃப்எல் அன்னிக்கே ஏறாது, மெதுவா ஏறி 10 நாள்ல இருந்து 6 வாரத்துக்குள்ள உச்சிக்கு போகும், சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் கூடுதலாவே இருக்கும். இழைங்க எவ்வளவு சேதம்ங்கறதுக்கும் பின்னாடி மூளை எவ்வளவு சுருங்குதுங்கறதுக்கும் அது ஒத்துப்போகுதுனு 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு. எனக்கு இது மேல நம்பிக்கை இருக்கு, ஆனா எமர்ஜென்சிக்கு உதவாது, வாரக்கணக்குல காத்திருந்து எடுக்கணும், வயசானாலும் ஏறும், சிறுநீரகம் சரியில்லனாலும் ஏறும், வேற நரம்பு வியாதி இருந்தாலும் ஏறும். மாமாவுக்கு எடுக்கல. எடுத்திருந்தா அக்காவுக்கு என்ன நடக்குதுனு கொஞ்சம் முன்னாடியே புரிஞ்சிருக்கும், அவர் கத்தறப்ப அத மனசுல ஏத்திக்காம இருந்திருப்பாளோனு எனக்கு தோணும்.

2025ல இன்னொரு நல்ல மாற்றம் வந்துச்சு. லேசு, நடுத்தரம், கடுமைனு ஜிசிஎஸ் ஒண்ண மட்டும் வச்சு பிரிக்கறது போதாதுனு 14 நாட்டு நிபுணர்ங்க சேந்து புதுசா ஒரு முறைய முன்வச்சாங்க. நேர்ல பாத்து தெரியற அறிகுறி, ரத்தத்துல இருக்கற இந்த புரதம், ஸ்கேன், அப்புறம் அந்த ஆளோட வயசு, பழைய வியாதி, வீட்டு நெலமை, மனநெலமை எல்லாம் சேத்து நாலு தூண். ரத்த டெஸ்ட்ட தனியா ஒரு தீர்ப்பா வைக்காம நாலுல ஒண்ணா வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் அதோட சரியான எடம். "லேசு"னு முத்திரை குத்தி அனுப்பிட்டு மூணு மாசம் கழிச்சும் தலைவலியோட திரியறவங்களுக்கு இதனால யாராவது திரும்ப பாப்பாங்க, "கடுமை"னு முத்திரை குத்தினவங்கள சீக்கிரம் கைகழுவறதும் கொறையும்.

வாங்கலாமா, எடுக்கலாமானு கேக்கறவங்களுக்கு. எமர்ஜென்சி வச்சிருக்கற ஆஸ்பத்திரினா, முழு ரத்தத்துல ஓடறத வாங்குங்க, பிளாஸ்மா பிரிக்கறத வாங்கி நைட் டியூட்டில ஒருத்தன மட்டும் போட்டா நேரம் மிச்சமாகாது. வாங்கினதும் டாக்டருங்களுக்கும் நர்ஸ் சிஸ்டருங்களுக்கும் நெகட்டிவ் வந்தா வீட்டுக்காரங்கள்ட்ட எப்படி சொல்லணும்னு உக்கார வச்சு சொல்லிக் குடுங்க, மெஷின் ஓட்ட கத்துக்க ஒரு நாள் போதும், இதுக்குத்தான் நாள் எடுக்கும். அடிபட்டவங்க வீடுனா, ஆளு பேசிட்டு தெளிவா இருந்து ஸ்கேன் தேவையானு யோசிக்கறப்ப தாராளமா எடுங்க. நெனவில்லாம வந்தவருக்கு ஸ்கேன்தான் முதல்ல, ரத்த ரிசல்ட்டுக்காக யாரும் நிமிஷம் கூட காத்திருக்கக் கூடாது.

கடைசியா எங்க லேப் சார்பா ஒண்ணு கேட்டுக்கறேன். சாம்பிளோட வர்ற பேப்பர்ல அடிபட்ட நேரம்னு ஒரு கட்டம் இருக்கும், பாதி தடவ அது காலியாத்தான் வருது, இல்லனா "நேத்து"னு எழுதியிருக்கும். கூட வர்றவங்க யாராவது விழுந்த நேரத்த கைபேசில கடைசியா வந்த கால வச்சாவது, பாத்தவங்கள கேட்டாவது தோராயமா கணக்கு பண்ணி நர்ஸ்ட்ட சொல்லுங்க. மாமா பேப்பர்ல அக்கா எழுதியிருந்த நேரம் ராத்திரி 9.40, அவர் கிளம்பறப்ப அவளுக்கு ஃபோன் பண்ணின 9.25 மணிய வச்சு கணக்கு பண்ணினது.